செல்வி மாதாவாக உட்கார்ந்த மாலை

என் வீட்டில் கலக்கிய தேநீரை என் அண்ணன் சூசை வேண்டாம் என்று சொன்னது ஒரே ஒரு முறைதான்.

டிசம்பர் தொடங்கியிருந்தது. சாயங்காலத் தூறல். வாசலில் மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர் உட்காரவில்லை. தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. மழைச்சட்டையிலிருந்து சொட்டிய தண்ணீர் சமையலறைத் தரையில் தேங்கிக்கொண்டிருந்தது. சட்டைக்குள்ளிருந்து வசனத் தாள்களை எடுத்து, மடிப்பை நீவி, மேசைமேல் வைத்தார். கிறிஸ்துமஸ் குடிலுக்காக நான் அச்சடித்துக் கொடுத்திருந்த தாள்கள்.

“இதுல நான் இல்ல, லூர்து. நீயே நடத்திக்க.”

“என்னண்ணே திடீர்னு? தேத்தண்ணி கலக்கிட்டேன், உக்காருங்க.”

“வேணாம்.”

நான் கோப்பையும் கையுமாக நின்றேன்.

“மாதாவா உக்கார நம்ம கோயில்ல ஒரு பொண்ணுகூடவா இல்ல? ஞானஸ்நானம் வாங்குன பொண்ணு ஒண்ணு?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போய்விட்டார். மோட்டார் சத்தம் தெருமுனை திரும்பும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது. எங்கள் சின்னக் கோயிலில் அண்ணன்தான் உபதேசியார். பங்குச் சாமியார் வராத ஞாயிறுகளில் செபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித்தருவது, சாவு வீட்டில் முதல் ஆளாகப் போய் நிற்பது எல்லாம் அவர்தான். அவர் இல்லை என்றால் குடிலும் இல்லை என்றுதான் பாதிப் பேர் நினைப்பார்கள்.

இந்தக் குடில் எப்படித் தொடங்கியது என்று சொல்லாமல் மேலே போனால் புரியாது.

கழுதைக்கு எங்கே போவது

லூனாஸிலிருந்து செம்பனைத் தோட்டத்துக்குள் பிரிகிற செம்மண் பாதையில் இருக்கிறது எங்கள் கோயில். ரப்பர் மரம் இருந்த காலத்தில் தோட்டத்து ஆட்கள் கட்டியது. பலகைச் சுவர் போய்ச் செங்கல் வந்தது. தகரக் கூரை மட்டும் அப்படியே நிற்கிறது. மழை பிடித்தால் பூசையில் சாமியாரின் வாய் அசைவது தெரியும், சத்தம் கேட்காது. பழகிப்போனவர்கள் உதட்டைப் பார்த்தே “ஆமென்” சொல்லிவிடுவோம்.

அந்தப் பெரிய நோய்க்காலம் முடிந்து கதவு திறந்தபோது, போனவர்கள் எல்லாரும் திரும்பி வரவில்லை. சிலர் இறந்திருந்தார்கள். சிலர் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளுக்குப் போய், பக்கத்து டவுன் கோயிலோடு ஒட்டிக்கொண்டார்கள். சிலருக்குக் கைப்பேசியில் பூசை பார்த்துப் பழகிவிட்டது. கிறிஸ்துமஸ் இரவுப் பூசையும் டவுனில்தான் என்று சாமியார் சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. ஒரு ஆள், எத்தனை கோயிலுக்கு ஓடுவார்?

பூசை இல்லாவிட்டால் போகிறது, குடிலாவது நன்றாக இருக்கட்டும் என்று பழைய மரச் சுரூபங்களை எடுத்துத் துடைத்தோம். இடையனுக்கு ஒரு கை இல்லை. செம்மறி ஒன்று சூசையப்பரைவிடப் பெரியது. ராஜாக்கள் மூன்று பேரில் ஒருவரைக் கரையான் தின்றிருந்தது. அதைப் பார்த்து நான் சும்மா இருந்திருக்கலாம்.

“இந்தத் தடவ ஆளுங்களே நிக்கட்டும். உசுரோட ஒரு குடில் வைப்போம்” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது சேவியர்தான். கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் இயந்திரம் பழுதுபார்க்கிறவன். தாடி வைத்த உயரமான ஆள். சூசையப்பர் அவன்தான் என்று நான் மனத்துக்குள் அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

“கழுதைக்கு எங்கக்கா போறது? எங்க கம்பெனில கேட்டா ரோபோட்தான் குடுப்பான்.”

“கழுத வேணாம். நீ இருக்கல்ல.”

பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானும் ஹைடெக்கில் லைன் லீடராக இருந்து ஓய்வு பெற்றவள்தான். யாரை எந்த நேரத்துக்கு எங்கே நிறுத்துவது என்பது ஒன்றுதான் எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை. ஷிப்டு பார்த்து ஒத்திகை நேரம் பிரித்தேன். மாதாவாக ஏஞ்சலின் என்ற காலேஜ் பெண். வசனம் வாசிக்க அண்ணன். பாட அண்ணியும் அவருடைய பாடகர் குழுவும். கூலி யாருக்கும் கிடையாது. டவுனில் மாமாக் கடை என்று சொல்கிற முஸ்லிம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் கனி நானாவிடம் பிளாஸ்டிக் நாற்காலி இரவல் கேட்டேன்.

“ஏத்திக்கிட்டுப் போங்கக்கா. விழாவுக்கு நான் வரமாட்டேன், கோவிச்சுக்காதீங்க. ஆனா தேத்தண்ணி என் பொறுப்பு. ஒரு டிரம் அனுப்புறேன், போதும்லா?”

எல்லாம் சேர்ந்துவிட்டது. ஆடுதான் பாக்கி.

ஆடு கேட்கப் போன வீடு

கோயிலுக்குப் பின்னால், இடித்தது போக மிச்சமிருந்த தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளில் ஒன்றில் பாக்கியம்மா இருந்தார். இந்துக் குடும்பம். புருஷன் போன பிறகு ஆடு வளர்த்துப் பிழைத்தவர். மகன் ஜொகூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவான். வீட்டில் மருமகள் செல்வியும் கைக்குழந்தையும்.

“பாக்கியம்மா, ஒரு சாயங்காலத்துக்கு ரெண்டு ஆடு வேணும்.”

“பிரியாணிக்கா?”

“ஐயோ, இல்ல. கோயில்ல குடிலுக்கு. சும்மா நின்னாப் போதும்.”

“எங்க ஆடு சும்மா நிக்காதே. திங்கும்.”

புல் கட்டு ஒன்றை உதறிப் போட்டுக்கொண்டே முழு விவரமும் கேட்டார். யார் சூசையப்பர், யார் இடையன், தேவதூதருக்கு இறக்கை எப்படிக் கட்டுவீர்கள் என்று ஒன்று விடாமல். கடைசியில், “கொழந்த யாரு?” என்றார்.

“கொழந்தைக்குப் பொம்மதாம்மா.”

பாக்கியம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“ஆடு உசுரு, ஆளு உசுரு. சாமி மட்டும் பிளாஸ்டிக்கா?”

உள்ளே தூளி ஆடுவது நின்றது. செல்வி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் வந்தாள். மாமியார் முகத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு என்னிடம் மெல்லப் பேசினாள்.

“அக்கா, உங்க கெபில நான் சனிக்கிழமைல மெழுகுவத்தி ஏத்துவேன். பாத்திருப்பீங்க.”

பார்த்திருக்கிறேன். கோயில் வளாகத்தில், மரத்தடியில், குகைபோலக் கல்லில் கட்டிய ஒரு சின்ன மாதா கெபி உண்டு. கல்யாணமாகி ரொம்ப வருஷம் குழந்தை இல்லாமல் இருந்தவள் அவள். சனிக்கிழமை வேலை முடிந்து வருகிற வழியில் கெபி முன்னால் நிற்பாள். நான் எதிரே வந்தால் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

“புள்ள பொறந்தா உள்ள கொண்டாந்து மாதா காலடியில ஒரு தடவ படுக்க வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். பொறந்து நாலு மாசமாச்சு. உள்ள வரலாமா கூடாதான்னு யாரக் கேக்குறதுன்னு தெரியல.”

“இதுக்கு யாரக் கேக்கணும்? கதவு தொறந்துதானம்மா இருக்கு.”

“வெளிய நின்னு கும்புடுறது வேற, உள்ள வர்றது வேறக்கா.”

அன்று அங்கேயே பேசி முடித்தோம். குழந்தை குடிலில் படுக்கும். விழா முடிந்ததும் செல்வி அவனைக் கோயிலுக்குள் கொண்டுபோய் வேண்டுதலை முடித்துக்கொள்வாள். ஜொகூருக்குப் போன் போட்டதில், “அம்மா சரின்னா எனக்கும் சரி” என்றானாம் அவள் கணவன்.

முதல் ஒத்திகையிலேயே திட்டம் உடைந்தது. ஏஞ்சலின் தூக்கியவுடன் குழந்தை வீறிட்டது. கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். செல்வியின் தோள் பட்டால் அடங்குகிறது, இறக்கினால் கத்துகிறது.

“ஆன்ட்டி, செல்விக்காவே உக்காரட்டும்” என்றாள் ஏஞ்சலின். “நான் தேவதூதரா நிக்கிறேன். அந்த ரெக்க எனக்குப் புடிச்சிருக்கு.”

எனக்கு அது சரியாகப் பட்டது. சேவியருக்கும் சரியாகப் பட்டது. அந்த ஒத்திகைக்கு அண்ணன் வரவில்லை. மறுநாள்தான் அவர் காதுக்குப் போனது. அதற்கடுத்த சாயங்காலம்தான் என் சமையலறையில் தாள்களை வைத்துவிட்டுப் போனார்.

விலகிக்கொள்ள வந்தவள்

ஒரு வாரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பாடகர் குழுப் பெண்கள் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. “உபதேசியார் இல்லாம எப்படி லூர்து?” என்று வருத்தமாகச் சொல்லிவிட்டு ஒத்திகைக்கு வராமல் இருந்துவிட்டார்கள். சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். வருத்தத்துக்கு என்ன பதில் சொல்வது? சாமியாருக்குப் போன் போட்டேன். “எனக்கு ஆட்சேபணை இல்லம்மா, ஆனா உங்க அண்ணன் மனசு நோகாம பேசித் தீத்துக்குங்க” என்றார். அந்தப் பேச்சைத்தான் எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் செல்வி வந்தாள். தாமானில் என் வீட்டை விசாரித்துக்கொண்டு, குழந்தையை மார்போடு துணியால் கட்டிக்கொண்டு, வெயிலில் நடந்தே வந்திருந்தாள். பசியாறினாயா என்று கேட்டேன். தலையசைத்தாள். தண்ணீர் மட்டும் குடித்தாள்.

“எனக்காக அண்ணன் தங்கச்சி பேசாம இருக்க வேணாங்க்கா. நான் ஒதுங்கிக்கிறேன்.”

“யாரு சொன்னா உன்கிட்ட?”

“யாரு சொன்னா என்னக்கா. ஊரே பேசுது.” குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டாள். “மாதாவுக்கு நான் வெளிய நின்னே சொல்லிக்கிறேன். அவங்களுக்குப் புரியும். அவங்களும் புள்ள பெத்தவங்கதானே.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை சரி என்று ஒத்துக்கொண்டிருப்பேன். முடிவு செய்துவிட்ட முகத்தோடு, யாருக்கும் பாரமாக இருந்துவிடக் கூடாது என்ற ஒரே கவனத்தோடு அவள் பேசியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“நீ ஒதுங்க வேணாம். மாதாவுக்குன்னு வாங்குன நீலத் துணிய உன் அளவுக்கு வெட்டியாச்சு. ஒதுங்குனா அத யாருக்குப் போடுறது?” என்றேன்.

அன்றே அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

அண்ணன் வீட்டின் பின்னால் வாழைக்கன்றுகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்தும் மண்வெட்டியை நிறுத்தவில்லை. அண்ணி என்னிடம் கண்ணைக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

“அந்தப் பொண்ணு என்ன தப்புண்ணே பண்ணுச்சு?”

“அந்தப் பொண்ண நான் ஒண்ணும் சொல்லல.”

“அப்புறம்?”

அவர் இன்னும் இரண்டு வெட்டு மண் இழுத்தார். பிறகு, அப்பா செத்த நாள் எனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டார்.

எனக்கு அந்த நாளில் நினைவிருப்பது மெழுகு உருகிய வாடையும் யாரோ என் கையில் திணித்த ஒரு பிஸ்கட்டும்தான். அவ்வளவு சின்னப் பிள்ளை. அண்ணன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். எங்கள் அப்பா வாலிபத்தில் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர். அதோடு அவருடைய குடும்பம் பேச்சை நிறுத்திவிட்டது. இந்த அளவுக்கு எனக்கும் தெரியும். மிச்சத்தை அண்ணன் அன்றுதான் சொன்னார்.

“பெட்டிக்கு முன்னால நான்தான் சிலுவ தூக்கிட்டுப் போனேன். பெரியப்பா பண்டார் பாருலேருந்து பஸ் ஏறி வந்திருந்தாரு. கோயிலுக்கு வெளிய, வாய்க்காலுக்கு அந்தாண்டயே நின்னுட்டாரு. சிலுவைய ஒருத்தர்கிட்ட குடுத்துட்டு ஓடிப்போயி, ‘உள்ள வாங்க பெரியப்பா’ன்னு கூப்புட்டேன். அசையல. கூட நின்ன ஆளு ஒருத்தன் சொன்னான், ‘சாமியாரு குடுத்த பால்மாவுக்குச் சாமிய வித்தவன் வீட்டுப் புள்ளடா இது’ன்னு. பெரியப்பா அவன ஒரு வார்த்த கேக்கல.”

மண்வெட்டியை வாழையடியில் சாய்த்து வைத்தார்.

“சொந்தத் தம்பி செத்ததுக்கே நம்ம வாசப்படி ஏறல. நமக்குன்னு இருக்கிறது அந்தக் கோயில் ஒண்ணுதான், லூர்து. அதையும் விளையாட்டுக் கொட்டாயா ஆக்கிடாத.”

இத்தனை வருஷம் கூடவே வளர்ந்து, கூடவே இருந்தும் இதை அவர் எனக்குச் சொன்னதில்லை. அவருடைய கண்டிப்பு எல்லாம், ஞானஸ்நானச் சான்று இல்லாமல் யாரையும் பீடத்தின் பக்கம் விடாத பிடிவாதம் எல்லாம், எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்தில் போய் நின்றேன். தொட்டால் விலகிவிடுவாரோ என்று தொடவில்லை.

“நீங்க அன்னிக்குக் கூப்புட்டும் அவங்க வரல. சரிண்ணே. இவ யாரும் கூப்புடாமயே வந்து நிக்கிறா. உள்ள வரலாமான்னு கேக்குறா. அவள என்னன்னு சொல்லித் திருப்பி அனுப்புறது? எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க, அப்படியே சொல்லிடுறேன்.”

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த கன்றுக்குப் போனார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

மழை

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. மதியத்திலிருந்தே வேலை. கோயில் முற்றத்தில் தென்னங்கீற்று வெட்டிக் கூரை போட்டோம், சாக்கு விரித்தோம், காய்ந்த புல் பரப்பினோம். கூரைமேல் தார்ப்பாய் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. பாக்கியம்மா ஆடுகளைக் குளிப்பாட்டி ஓட்டி வந்தார். வந்த வேகத்தில் அவை நட்சத்திரத்தின் ஒரு முனையைத் தின்றன. சேவியர் ஷிப்டு முடிந்து நேராக வந்து, கம்பெனிச் சப்பாத்துக் காலோடேயே அங்கியை மாட்டிக்கொண்டான். குனிந்தால் தெரியும், குனியாதே என்று சொல்லிவைத்தேன்.

எங்கள் ஆட்கள் மட்டும் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். இருட்டத் தொடங்கும்போது பார்த்தால், தாமான்காரர்கள், டவுனுக்கே போய்விட்ட பழைய குடும்பங்கள், லயத்து இந்துப் பெண்கள், பிள்ளைகளோடு மளிகைக் கடைச் சீனர் என்று நாற்காலி போதவில்லை. பாடகர் குழுப் பெண்கள் வந்திருந்தார்கள். ஆனால் பாட நிற்கவில்லை. கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணியும் அவர்களோடு. அண்ணனைக் காணோம்.

அவருடைய இடத்தில் நான் மைக் பிடித்தேன். லைனில் கத்திப் பழகிய குரல். மாதாவும் சூசையப்பரும் இடம் தேடி அலைந்ததை நான் வாசித்தபோது, ஏதோ ஓவர்டைமுக்கு ஆள் கூப்பிடுவதுபோல இருந்தது என்று பின்னால் ஏஞ்சலின் சொன்னாள்.

செல்வி நீலத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்து வந்து குடிலில் உட்கார்ந்தாள். கூட்டத்தில் பேச்சு நின்றது. அவள் எதுவும் நடிக்கவில்லை. குழந்தையை நன்றாகப் பார்த்துப் படுக்கவைத்தாள். ஒரு எறும்பைத் தட்டிவிட்டாள். சற்று நேரத்தில் குழந்தை சிணுங்கி அழ ஆரம்பித்தது. அசையாமல் இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். செல்வி என் பக்கம் பார்க்கவே இல்லை. குழந்தையை எடுத்து, லேசாகத் திரும்பி, துணிக்குள் விட்டுப் பால் கொடுத்தாள். ஒத்திகையில் இல்லாத காட்சி. நான் வாசிப்பதை விட்டுவிட்டேன். சேவியர் தன் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு, உண்மையான தகப்பன்போல, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

அப்போது முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன. அடுத்த நொடி கொட்டியது. செம்பனைப் பக்கமிருந்து காற்று மழையைப் பக்கவாட்டில் அடித்தது. மின்சாரத்துக்குப் பயந்து மைக்கைப் பிடுங்கச் சொன்னேன். மக்கள் கோயில் முகப்புக்குக் கீழே ஓடினார்கள். கீற்றுக் கூரை ஒழுகத் தொடங்கியது.

“செல்வி, எந்திரிச்சு உள்ள ஓடு!” என்று கத்தினேன். அவளால் எழ முடியவில்லை. குழந்தை மார்பில். தரை சேறு. பயந்துபோன ஆடுகள் கயிற்றை அவள் காலைச் சுற்றி இழுத்துவிட்டிருந்தன. சேவியர் ஒரு கையால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, மறு கையால் தன் அங்கியை அவர்கள்மேல் விரித்துப் பிடித்தான். அது நனைந்து தொங்கியது.

வெளிக்கேட்டுப் பக்கமிருந்து ஒரு பெரிய குடை வந்தது.

அண்ணன். வெளியே, பாதையோரம் மோட்டாரில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரோ தெரியாது. செம்பனை ஆலையில் லோரி ஓட்டிய காலத்தில் கொடுத்த குடை. நான்கு பேர் நிற்கலாம். வழுக்கும் தரையில் ஒவ்வோர் அடியாக வைத்து நடந்து வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. குடிலுக்குள் நுழைந்து, செல்விக்குப் பின்னால் நின்று, குடையை அவள்மேலும் குழந்தைமேலும் பிடித்தார். அவருடைய முதுகு முழுவதும் வெளியே. கட்டம்போட்ட சட்டை நனைந்து தோலோடு ஒட்டிக்கொண்டது.

“பயப்படாதம்மா. புள்ள குடிக்கட்டும்” என்றார்.

பிறகு முகப்பில் ஒதுங்கி நின்ற பெண்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். மைக் இல்லாமல் சாவு வீடுகளில் செபமாலை சொல்லிப் பழகிய குரல்.

“என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? பாடுங்க!”

அண்ணிதான் முதலில் எடுத்தார். மற்றவர்கள் சேர்ந்தார்கள். மழையில் பாதி வார்த்தை கேட்கவில்லை. தெரிந்தவர்கள் பாடினார்கள், தெரியாதவர்கள் கை தட்டினார்கள். பாக்கியம்மா ஆட்டுக்கயிற்றை இழுத்துப் பிடித்தபடி தொடையில் தாளம் போட்டார். நான் எதுவும் செய்யவில்லை. குடிலோரம் நனைந்துகொண்டே நின்றேன். முகத்தில் ஓடியது எல்லாம் மழைதான் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமல் விட்டேன்.

அன்று மழையில் எடுத்த படம் எல்லாவற்றிலும் எங்கள் பெத்லகேமில் ஒரு கட்டம்போட்ட சட்டைக்காரர் குடையோடு நிற்கிறார். குடையில் ஆலையின் பெயர் பெரிதாக இருக்கிறது. சாமியார் அந்தப் படத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்றார்.

குடில் அதற்குப் பிறகும் ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. வெவ்வேறு குழந்தைகள், வெவ்வேறு தாய்மார்கள். தார்ப்பாய் கட்டுவது இப்போது அண்ணனின் வேலை. வானம் வெளுத்திருந்தாலும் கட்டுவார்.

உள்ளே

மழை ஓய்ந்ததும் கனி நானாவின் டிரம்மைச் சுற்றிக் கூட்டம் கூடியது. செல்வி என்னிடம் வந்து காதோடு கேட்டாள், “இப்பப் போகலாமாக்கா?” நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் சட்டை முனையைப் பிழிந்துகொண்டிருந்தார். கேட்டிருக்க வேண்டும். கோயிலுக்குள் போய் விளக்குகளைப் போட்டார். பீடத்துக்கு முன்னாலிருக்கும் கம்பிக் கதவைத் திறந்து, தள்ளி நின்றார்.

செல்வி செருப்பை வெளியே விட்டுவிட்டு, குழந்தையோடு உள்ளே நடந்தாள். பாக்கியம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். எட்டி எட்டிப் பார்த்தார். காலை மட்டும் எடுத்து வைக்கவில்லை.

அண்ணன் அதைக் கவனித்தார். நடைபாதை நெடுக நடந்து வாசலுக்கு வந்தார்.

“உள்ள வாங்கம்மா.”

“காலு பூராச் சேறுங்கய்யா.”

“எங்க காலும்தான். வாங்க.”

பாக்கியம்மா சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். தரையில் அவருடைய பாதங்களின் ஈரத் தடம் அண்ணனின் செருப்புத் தடத்தை ஒட்டியே போனது.

மாதா சுரூபத்தின் காலடியில் செல்வி துண்டை விரித்துக் குழந்தையைக் கிடத்தினாள். உதடு அசைய ஏதோ சொன்னாள். நாங்கள் யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. குழந்தை வயிறு நிறைந்த சுகத்தில் மின்விசிறியைப் பார்த்துக் காலை உதைத்தது. அவள் கும்பிட்டு முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனைத் தூக்கினாள்.

“பேரு என்னம்மா?” என்றார் அண்ணன். அதுவரை அவர் கேட்டதே இல்லை.

“கதிர்வேலுண்ணே.”

“கதிர்வேல்” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு தயங்கினார். என் அண்ணன் ஒரு குழந்தையின் முன் தயங்கி நான் பார்த்ததில்லை.

“நெத்தியில ஒரு சிலுவ போடட்டுமா? உங்களுக்குச் சம்மதம்னாத்தான்.”

செல்வி மாமியாரைப் பார்த்தாள். பாக்கியம்மா, “போடுங்கய்யா. புள்ளைக்கு எத்தன காவல் இருந்தாலும் நல்லதுதான்” என்றார்.

அண்ணன் ஈரக் கையை வேட்டியில் துடைக்கப் போய், அன்று கால்சட்டை போட்டிருப்பது நினைவுக்கு வந்து, என் சேலைத் தலைப்பை வாங்கித் துடைத்துக்கொண்டார். குழந்தையின் நெற்றி நடுவில், கண்படாமல் இருக்கப் பாக்கியம்மா வீட்டிலேயே வைத்துவிட்டிருந்த பெரிய கறுப்பு மைப்பொட்டு. குடிலில் இருந்தபோதும் அது அங்கேதான் இருந்தது. யாரும் துடைக்கச் சொல்லவில்லை. அவ்வளவு சின்ன நெற்றியில் மிச்சமிருந்த இடம் கொஞ்சம்தான். லோரி ஓட்டிக் காய்த்துப்போன அவருடைய கட்டைவிரல் அந்த இடத்தைத் தேடிப் போனது. பொட்டுக்கு மேலே, முடி தொடங்குகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழாக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு.

மை கலையவில்லை.